செங்கம்மாள் கடையில் தொங்கிய போர்டு

அந்த போர்டை நான் எழுதவில்லை. ஓட்டை போட்டு, கம்பி கோத்து, கடை வாசலில் தொங்கவிட்டது மட்டும்தான் நான். எழுதியது ஒரு டென்மார்க்காரர். நீங்கள் யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் இன்னும் ரெண்டு பேர், "டிரைவர் எழுதிக் குட்த்த போர்டாலதான் அந்தம்மா மாட்டிகிச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளைப் பற்றி எழுதலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். பிறந்து ஏழு மணி நேரம்தான் ஆகிறது, தூங்கிக்கொண்டே இருக்கிறாள். ஒரு தடவை கொட்டாவி விட்டாள். அதை எத்தனை பக்கம் எழுதுவது? அதனால் அவள் அம்மாவைப் பெற்ற செங்கம்மாளைப் பற்றி எழுதுகிறேன். எனக்குச் சம்மந்தி. சம்மந்தி ஆவதற்கு முன்னால் பதிமூன்று வருசம் எனக்குத் தெரிந்த கடைக்காரம்மா.

கடை என்றால் சின்னக் கடை. வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். தண்ணி பாட்டில், கேமரா ஃபிலிம், வெயிலுக்குப் பூசுகிற கிரீம், பேட்டரி, கொசுவத்தி, டாய்லெட் பேப்பர், போஸ்ட் கார்டு, காட்டன் பேன்ட். கடற்கரைக்குப் போகிற வழியில் இருந்ததால், ஏர்போர்ட்டிலிருந்து நான் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் லாட்ஜில் பெட்டியைப் போட்டதும் முதலில் நிற்கும் கடை அதுதான். வீட்டுக்காரர் உலகநாதன் வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறி செங்கல்பட்டு போய் மொத்தக் கடையில் சரக்கு எடுத்து வருவார். அவர் பேச மாட்டார். அந்த வீட்டுக்குப் பேச்சு என்று கடவுள் கொடுத்தது மொத்தமும் செங்கம்மாளிடம் இருந்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முப்பது ரூபாய் பொருளுக்குத் தொண்ணூறு சொல்வார்கள். வெள்ளைக்காரர் அறுபது கேட்பார். ரெண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே ஐம்பதுக்கு வந்து நிற்பார்கள். செங்கம்மாளிடம் அது கிடையாது. முப்பது என்றால் முப்பது. பேரம் பேசினால், "நோ, நோ, போயி சுத்திட்டு வா" என்று கையை வட்டம் போட்டுக் காட்டுவார். சுத்திவிட்டுத் திரும்பி வருவார்கள். அவருக்கு இருந்த சொத்து என்று பார்த்தால் அந்த ஒரு பெயர்தான்: இந்தக் கடையில் ஏமாற்று இல்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புது ஜோடியை நான் கூட்டி வந்திருந்தேன். தண்ணி பாட்டில், கொசுவத்தி, ஒரு துணிப் பை எடுத்தார்கள். செங்கம்மாள் கணக்குப் போட்டு "ஃபிஃப்டி" என்றார். அந்தப் பெண் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்து, அதன் மேல் நாலு ஒரு ரூபாய்க் காசையும் வைத்து, "டாக்ஸ்?" என்று ஏதோ கேட்டாள். செங்கம்மாள் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக் கல்லாவில் போட்டார். அவர்கள் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மா, அம்பதுன்னுதான சொன்ன? மேல நாலு ரூபா வாங்கிகினயே?"

"நான் எங்க அண்ணாத்த கேட்டேன்? அதுவா நீட்டிச்சு. சந்தோசமா குட்த்தா வாங்கிக்கறதுதான்?"

"அது சந்தோசத்துக்குக் குட்த்தது இல்ல. வரி."

"எந்த வரி? வூட்டு வரியா?"

காரில் வருகிறவர்கள் பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் ஊரில் பொருள் மேல் ஒட்டியிருப்பது வரி இல்லாத விலை. எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால் அங்கே வரியை மேலே போட்டு வாங்குவார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து அந்தப் பெண் நூற்றுக்கு எட்டு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

செங்கம்மாளுக்கு முகம் மாறிவிட்டது.

"அப்ப பொருள் மேல எழுதி ஒட்டியிருக்கறது பொய்யா?"

"பொய் இல்லம்மா. அது ஊரு வழக்கம். அவங்களுக்குத் தெரியும்."

"அத வுடு. கெவர்மென்டுக்குன்னு அந்தப் பொண்ணு குட்த்தத நான் வாங்கிப் போட்டுகினேன், அதான?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கல்லாவில் கையை விட்டு நாலு காசை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நான்தான் நின்றேன். "நோ டாக்ஸ்! நோ டாக்ஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறார். லாட்ஜ் மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எதிர்க்கடையில் சங்கு மாலை விற்கிற வேண்டா என்பவர், "இன்னா அண்ணாத்த, உலகநாதன் பொண்டாட்டி கோசம் போட்டுகினு போவுது, எலெக்சன் வந்துட்ச்சா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். அந்த அமெரிக்கப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி. கைப்பையைக் கிளறி, கசங்கிய ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அவள் ஊர்க் கடை பில். ஊதா மையில் வரிசையாக விலை, கூட்டிப் போட்ட தொகை, அதற்குக் கீழே தனியாக ஒரு சின்னத் தொகை, அதையும் கூட்டிக் கடைசியில் பெரிய தொகை. செங்கம்மாள் மூன்றாவது வரைதான் படித்தவர். ஆனால் எண் தெரியும். விரலை அந்தச் சின்னத் தொகையில் வைத்து, "இத்தான் அது?" என்றார். அந்தப் பெண் ஆமாம் என்று தலையாட்டினாள். பில்லை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வரை அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீவி, மடித்து, காலியான ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

அதிலிருந்து பிடித்தது. வருகிற வெள்ளைக்காரர்களிடம் எல்லாம் கேட்பார்: "ஓல்டு பில்? யுவர் கன்ட்ரி?" ரயில் டிக்கெட், சினிமா டிக்கெட் எல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். அதை வாங்க மாட்டார். கடை பில்தான் வேண்டும். கொடுத்தால் ஒரு கடலை மிட்டாய். சிலர் இதற்காகவே பர்ஸில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த வருசம் வருகிறவர்கள் ஊரிலிருந்து பத்திரப்படுத்திக் கொண்டுவந்ததும் உண்டு.

"இத வச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று நான் கேட்டேன்.

"அவன் எவ்ளோ குட்த்துப் பழகினவன்னு தெரிஞ்சாதான, இங்க எதுக்கு மொறைக்கிறான்னு தெரியும்?"

அது நிஜம்தான். டின் ரொப்ப ரொப்ப அவருக்கு ஒவ்வொரு நாட்டுக்காரரின் தயக்கமும் புரிந்துவிட்டது. அமெரிக்காக்காரர் விலையைக் கேட்டதும் கையில் கொஞ்சம் கூடவே வைத்துக்கொண்டு காத்திருப்பார், இன்னும் ஏதோ ஏறப்போகிறது என்று. ஜெர்மன்காரர் காத்திருக்க மாட்டார். அவர் ஊரில் வரி விலைக்குள்ளேயே இருக்கும், பில்லின் அடியில் இவ்வளவு வரி என்று பொடி எழுத்தில் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவிலேயே ஓரிகன் என்று ஒரு இடம், அங்கிருந்து வந்த கிழவர் தன் ஊரில் அந்த வரியே கிடையாது என்றார். ஆற்றைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனால் உண்டாம், அங்கிருந்து ஜனங்கள் பாலம் தாண்டி இவர் ஊருக்கு வந்து டிவி வாங்கிப் போவார்களாம். நான் ஆச்சரியப்பட்டேன்.

செங்கம்மாள் என்னைப் பார்த்து, "இன்னாத்துக்கு வாயப் பொளக்கற? நீ மட்டும் இன்னா, பாண்டிக்கு சவாரி போனா டேங்க் ரொப்பிகினுதான வர்ற? அங்க வரி கம்மி, டீசல் கம்மி. நீயும் ஆத்தத் தாண்டற ஆளுதான்" என்றார்.

டென்மார்க்காரர் வருசா வருசம் ஜனவரியில் வருவார். உயரமானவர், கடைக் கூரையில் இடித்துக்கொண்டே இருப்பார். ஒரு வருசம் கேமரா ஃபிலிம் வாங்கும்போது, அதே கம்பெனி ஃபிலிம் தன் ஊரில் ரொம்ப விலை, இந்தியா சீப், இந்தியா சீப் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செங்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். பலகை மேல் ஐந்து பிஸ்கட் வைத்து, "யுவர் கன்ட்ரி" என்றார். பக்கத்தில் மூன்று வைத்து, "மை கன்ட்ரி." டென்மார்க்காரர் சரி என்றார். ஐந்திலிருந்து ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். "கவர்மென்ட் பிஸ்கட்."

அவர் ஊர் பில்லை வைத்து அதை முன்பே கண்டுபிடித்திருந்தார் செங்கம்மாள். நூறுக்கு இருபத்தைந்து வரி போடுகிற ஊர் அது. நாலு பிஸ்கட் பொருளுக்கு ஒரு பிஸ்கட் வரி, மொத்தம் ஐந்து.

பிறகு தன் மூன்றில் ஒன்றை எடுத்து ஓரத்தில் கொஞ்சம் கடித்துவிட்டு வைத்தார். அது நம்ம கவர்மென்ட். "நவ் பாரு. அங்க நாலு, இங்க மூணுக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டு பிஸ்கட்டு சீப்புன்றியே, அதுல ஒன்னு உன் கெவர்மென்டு துன்றது. என் ஊரு அவ்ளோ ஒன்னும் சீப்பு இல்ல."

நான் இங்கிலீஷில் சொன்னேன், எனக்குத் தெரிந்த அளவு. டென்மார்க்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தனிப் பிஸ்கட்டைக் காட்டி, இதனால்தான் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு கிடையாது, பள்ளிக்கூடத்துக்குக் காசு கிடையாது என்றார். செங்கம்மாள் கொஞ்சம் யோசித்தார். அந்தப் பிஸ்கட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "அப்ப செரி, துன்னு" என்றார்.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. எந்த விலை சொன்னாலும், எந்தத் தொகை சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: சேத்தா, சேக்காமயா? ரெண்டாயிரத்து ஆறில் என் மகன் இனியனுக்கு அவர் மகள் ரோகிணியைக் கேட்டுப் போனோம். இனியன் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் எலக்ட்ரீசியன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்திருந்தான். சம்பளம் ஆறாயிரம் என்றான்.

"தம்பி, அது புடிச்சது போக கைக்கு வர்றதா, புடிக்கறதுக்கு முன்னாடியா?"

அவன் என்னைப் பார்த்தான். "கைக்கு அஞ்சாயிரத்து இருநூறு வருங்க அத்த."

"அத மொதல்ல சொல்லு. அஞ்சாயிரத்து இருநூறு நல்ல சம்பளந்தான, எதுக்கு அதுக்கு மேல ஒரு தொப்பி?"

என் மனைவி சகுந்தலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காதில், "பொண்ணு குடுக்கறாங்களா, பில்லு போடறாங்களா?" என்றாள். ஆனாலும் அவளுக்குத்தான் செங்கம்மாளை முதலில் பிடித்தது. நிச்சயம் செய்து, கல்யாணத்தை அடுத்த வருச வைகாசியில் வைத்துக்கொண்டோம்.

நடுவில் வந்தது அந்த போர்டு. அப்போதெல்லாம் சில ஓட்டல்களில் சாப்பிட்டு முடித்த பிறகு பில்லில் வரியை மேலே ஏற்றிக் கொடுத்தார்கள். அதனால் வெள்ளைக்காரர்கள் எல்லாக் கடையிலும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். ஒரு தண்ணி பாட்டிலுக்கு, "பிளஸ் டாக்ஸ்?" ஒரு போஸ்ட் கார்டுக்கு, "பிளஸ் டாக்ஸ்?" ஒரு நாளைக்கு நாற்பது தடவை பதில் சொல்லிச் சொல்லி செங்கம்மாளுக்குப் பேஜாராகிவிட்டது. ரெண்டாயிரத்து ஏழு ஜனவரியில் டென்மார்க்காரரிடம், "நீயே ஒன்னு எழுதிக் குடு சாமி" என்றார். அவர் ஒரு பலகையில் சிவப்புப் பெயின்ட்டால் அழகாக எழுதினார்: ஆல் பிரைசஸ் இன்க்ளூட் டாக்ஸ். எல்லா விலையும் வரி சேர்த்துத்தான். சோப்புப் பாக்கெட்டு மேலேயே அப்படித்தானே அச்சடித்திருக்கிறது? நான் ஓட்டை போட்டேன், கம்பி கோத்தேன், தொங்கவிட்டேன்.

ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது.

அந்த வருசம்தான் விற்பனை வரிக்குப் புதுச் சட்டம் வந்து, ஆபீசர்கள் தெருத் தெருவாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் பட்டாபிராமன் என்கிற ஆபீசர். ஒல்லியாக, குடையோடு, மரியாதையாகப் பேசுகிறவர். தண்ணி பாட்டில் ஒன்று காசு கொடுத்து வாங்கிக் குடித்தார். போர்டை ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

"அம்மா, உங்க பதிவு நம்பர் என்ன?"

"இன்னா பதிவு சார்? பஞ்சாயத்து ரசீது கீது."

"அது இல்லம்மா. வரி வசூல் பண்றீங்கன்னா எங்க ஆபீஸ்ல பதிவு பண்ணியிருக்கணும். போர்டு போட்டிருக்கீங்களே, வரி சேர்த்து வாங்குறோம்னு?"

"சின்ன யாவாரம் சார். பதிவு வாணாம்னு சொன்னாங்க."

"சின்ன வியாபாரத்துக்குப் பதிவு வேணாம்தான். ஆனா பதிவு இல்லாதவங்க ஜனங்ககிட்ட வரின்னு ஒரு பைசா வாங்கக் கூடாது. வாங்கினா அதைக் கட்டணும், அபராதமும் கட்டணும். எத்தனை வருஷமா இப்படி?"

செங்கம்மாள் பொய் சொல்லத் தெரியாமல், "கடை வச்சதுலேர்ந்து இப்டித்தான் சார்" என்று சொல்லிவிட்டார். ஆபீசர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆபீசுக்குச் சரக்கு வாங்கின பில்களோடு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் முன்னால் பேச்சு கிளம்பிவிட்டது. நேர்மை நேர்மை என்றாளே, இத்தனை வருசமாக வரி என்று வாங்கித் தின்றிருக்கிறாள் பார். தொண்ணூறு சொல்லி ஐம்பதுக்கு விற்கிறவர்கள் சொன்னார்கள் இதை. எதிர்க்கடை வேண்டா மட்டும் சண்டைக்குப் போனார். "அந்தம்மா நாலு ரூபாய்க்கு நடுத்தெருவுல ஓடினத நான் பாத்தேன்டா, நீங்க இன்னாத்த பாத்தீங்க?" என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கம்மாளும் உலகநாதனும் பூஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செங்கம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"சம்மந்தி, இன்னும் பத்திரிகை அடிக்கல. அபராதம் போட்டா கடைய மூடணும், அது பரவால்ல, கல்லு ஒடைக்கக்கூட போலாம். ஆனா வரிய துன்னவ பொண்ணுன்னு ரோகிணிய உங்க வூட்டாண்ட யாரும் சொல்லக் கூடாது. வேற எடம் பாக்கறதுன்னா பாத்துக்கங்க. எனக்கு வருத்தம் இல்ல."

சகுந்தலா உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். "பேசி முடிச்சாச்சா? உக்காரு. இட்லி ஆறுது. இனியனாண்ட இதச் சொல்லிப் பாரு, உன் பொண்ண இன்னிக்கே இட்டுகினு வந்துடுவான். வைகாசி வரிக்கும் அவன நிறுத்தி வைக்கறதே பெரும் பாடு."

உலகநாதன் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். செங்கம்மாள் உட்கார்ந்தார், இட்லியில் கை வைக்கவில்லை.

திங்கட்கிழமை என் காரிலேயே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனோம். உலகநாதன் மடியில் பில் கம்பி. மொத்தக் கடையில் வாங்கின ஒவ்வொரு ரசீதையும் அவர் கம்பியில் குத்தி வைத்திருந்தார், வாய் பேசாத மனிதனுக்கு அது ஒரு பாஷை. செங்கம்மாள் மடியில் பிஸ்கட் டின். வழி முழுக்க அதைத் திறக்கவே இல்லை.

ஆபீசில் பட்டாபிராமன் முதலில் கம்பி பில்களைப் பார்த்தார். சரக்கு வாங்கும்போதே எல்லாவற்றுக்கும் வரி கட்டியிருந்தது. வியாபாரமும் பதிவு வேண்டாத அளவுக்குள்தான். "இதெல்லாம் சரி. போர்டுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

"சொல்றேன் சார்" என்று செங்கம்மாள் டின்னைத் திறந்து, பில்களை எடுத்து மேஜையில் பரப்பினார். பரப்பின கை அப்படியே நின்றுவிட்டது. முக்கால்வாசிக் காகிதம் வெள்ளையாக இருந்தது. இப்போது கொடுக்கிற பளபளப்புக் காகித பில்லெல்லாம் கடை வெக்கையில் வெளுத்து, எழுத்து இருந்த அடையாளமே இல்லை. ஜெர்மனி வெள்ளை, ஜப்பான் வெள்ளை, டென்மார்க் வெள்ளை.

"இது என்னம்மா, வெறுங்காகிதம்?"

செங்கம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். டின்னின் அடியில் மடித்தபடி ஒன்று இருந்தது. பிரித்தார். ஊதா மை அப்படியே இருந்தது. தொண்ணூற்று மூன்றில் அந்தப் பெண் கொடுத்த பில்.

"இதப் பாரு சார். இங்க வெல. இங்க கூட்டினது. இதுக்குக் கீழ பாரு, தனியா ஏத்திகீறாங்க. அமெரிக்கால இதான் வழக்கம். எழுதன வெல ஒன்னு, குடுக்கற வெல ஒன்னு. அந்த ஊர்க்காரங்க என் கடைல வந்து, இன்னும் எவ்ளோ ஏத்துவன்னு பயந்துகினு நிக்கறாங்க. நான் ஏத்த மாட்டேன், எழுதனதுதான் வெலன்னு சொல்லத்தான் சார் போர்டு. வரிய கம்பெனி கட்டிட்ச்சு, மொத்தக் கடை கட்டிட்ச்சு, அது வெலைக்குள்ள கீது. நான் மேல ஒரு பைசா வெச்சதும் இல்ல, வாங்கனதும் இல்ல. ஒரு தபா நாலு ரூபா தெரியாம வாங்கினேன். அதயும் ஓடிப் போயி குட்த்துட்டேன். இதோ இவர கேளு."

நான் ஆமாம் சார் என்றேன். உலகநாதனும் ஆமாம் என்றார்.

ஆபீசர் அந்த ஊதாப் பில்லைக் கையில் எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் வாய் ஓரம் துடிக்கிற மாதிரி இருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"ஏம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளியே சொல்லாதீங்க" என்றார். பக்கத்து மேஜையில் கேட்கும்படியாகவே சொன்னார். "போன வருஷம் நியூ ஜெர்சியில என் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க ஒரு கடை, எந்தப் பொருள் எடுத்தாலும் ஒரு டாலர். கையில சரியா ஒரு டாலர் எடுத்துகிட்டு தனியாப் போனேன், ஒரு டார்ச் லைட் வாங்கலாம்னு. கல்லாவுல இருந்த பொண்ணு ஒரு டாலர் ஏழு சென்ட் குடுங்கறா. நான் விடல. வாசல்ல ஒரு டாலர்னு போர்டு வச்சிருக்கியே, மேல நீ எப்படிக் கேட்கலாம்னு சண்டை. எனக்குப் பின்னால பத்துப் பேர். கடைசியில பின்னால நின்ன ஒருத்தர் ஏழு சென்ட் குடுத்து என்னை அனுப்பி வச்சார். முப்பது வருஷமா வரி ஆபீஸ்ல வேலை பாக்குறேன்."

செங்கம்மாள் சிரிக்கவில்லை. ரொம்ப அக்கறையாக, "அந்த பில்லு வச்சிகினு கீறியா சார்?" என்று கேட்டார்.

ஆபீசர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு காகிதத்தில் வாக்குமூலம் எழுதினார். இந்த அம்மா தனியாக வரி வசூலிக்கவில்லை, வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரிவதற்காக வைத்த போர்டு, அதை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொள்கிறார் என்று. படித்துக் காட்டினார். செங்கம்மாள் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப போர்டுல இன்னா எழுதறது சார்?"

"நீங்களே சொல்லுங்க. வரிங்கற வார்த்தை மட்டும் வேணாம்."

"எழுதன வெலதான். மேல ஒன்னும் இல்ல."

அவர் அதையே இங்கிலீஷில் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பலகையில் பெயின்ட் அடித்தது நான். ரெண்டாவது போர்டு என் எழுத்துதான், அதை ஒத்துக்கொள்கிறேன். கடைசி வார்த்தைக்கு இடம் பத்தாமல் கொஞ்சம் நெருக்கிவிட்டேன். இன்னும் தொங்குகிறது.

திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் காரை நிறுத்தச் சொல்லி, மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம். செங்கம்மாள் ஆறு சாப்பிட்டார். சட்னி சேர்த்தா, தனிக் காசா என்று கேட்டுவிட்டுத்தான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மண்டபக்காரரிடம், "கரண்டு சேத்தா? பெருக்கறது சேத்தா? பாத்தரம் சேத்தா?" என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு அந்த ஆள் அப்புறம் ஒரு விலைப் பட்டியலே அச்சடித்து மாட்டினார் என்று சொல்வார்கள். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமன் குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்தவர் கடையில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பில்லை எடுத்துக் கொடுத்தார். ஒரு டாலர், கீழே ஏழு சென்ட். மகள் வீட்டு அலமாரியில் கிடந்ததைத் தபாலில் அனுப்பச் சொல்லி வாங்கினாராம். செங்கம்மாள் அவருக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். அந்த பில் வெளுத்துவிடாமல் இருக்க, எண்களை மேலே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.

இன்று விடியற்காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரோகிணிக்குப் பிரசவம். வராந்தாவில் நாங்கள் ஐந்து பேர். இனியன் சுவரோடு சுவராக நின்றான். சகுந்தலா எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உலகநாதன் எப்போதும் போல. செங்கம்மாள் மட்டும் அறைக் கதவையே பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆறரைக்கு நர்ஸம்மா வெளியே வந்தார். பச்சைத் துணியில் சுற்றி, மூக்கு மட்டும் தெரிகிற ஒரு மூட்டை கையில். "பொண்ணு. அம்மா நல்லா இருக்காங்க. எடை ரெண்டு கிலோ எண்ணூறு" என்றார்.

சகுந்தலா அழுதாள். இனியன் அழுதான். நானும்தான். செங்கம்மாள் முந்தானையால் கண்ணை நன்றாகத் துடைத்துவிட்டு, குழந்தையை உற்றுப் பார்த்து, பிறகு நர்ஸம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"துணி சேத்தாம்மா, சேக்காமயா?"